வாட்டர் பம்ப் மாற்றியதிலிருந்து 800 மேடு ஏறவில்லை, டைமிங்கை எப்படிச் சரிசெய்வது?

கோபி800:

எல்லோருக்கும் வணக்கம். 97 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுப்பது இன்னும் பாயின்ட் (கரண்டை வெட்டிவிடும் சின்ன சுவிட்ச்) வைத்த டிஸ்டிரிப்யூட்டர்தான். அப்பா வாங்கியது, இப்போது என்னிடம் இருக்கிறது. போன மாதம் வண்டி நிற்கும் இடத்தில் தரையில் பச்சையாகச் சொட்டு விழுந்திருந்தது. பார்த்தால் வாட்டர் பம்ப். அடியில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து கூலன்ட் கசிந்து, டைமிங் கவர் முழுக்க வழிந்து காய்ந்திருந்தது. பக்கத்துப் பட்டறையில் விட்டேன். பம்ப் புதிதாகப் போட்டார்கள், டைமிங் பெல்ட்டைக் கழற்றி அதே பெல்ட்டைத் திரும்ப மாட்டினார்கள்.

வண்டி கைக்கு வந்தபோது ஸ்டார்ட் ஆகவே அரை நிமிடம் பிடித்தது, ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) நின்றால் கியர் லீவர் வரைக்கும் நடுக்கம். திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். மெக்கானிக் டிஸ்டிரிப்யூட்டர் போல்ட்டைத் தளர்த்தி, காதால் கேட்டுக்கொண்டே திருப்பி, "இப்போ பாருங்க, பூ மாதிரி ஓடுது" என்றார். உண்மையில் ஸ்லோ சரியாகிவிட்டது. கோபியிலிருந்து சத்தி வரைக்கும் சமதளத்தில் 60ல் குறையே தெரியவில்லை. பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏற ஆரம்பித்ததும்தான் வேஷம் கலைந்தது. 27 கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதிலேயே இரண்டாம் கியர் தாங்கவில்லை, முதல் கியருக்கு இறங்க வேண்டியதாயிற்று. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கடகடவென்று நாக்கிங். டெம்பரேச்சர் முள்ளும் வழக்கத்தைவிட ஒரு கோடு மேலே. எட்டாவது வளைவில் ஓரங்கட்டி, ஆறவைத்து, திரும்பி வந்துவிட்டேன். இதே வண்டி நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஆசனூர் போய் வந்ததுதான்.

கேள்வி இதுதான்: பம்ப் மாற்றினால் டைமிங் ஏன் போக வேண்டும்? திரும்ப செட் செய்வது டிஸ்டிரிப்யூட்டரிலா, பெல்ட்டிலா? ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஆனால் இன்ஜின் முன்பக்கத்தை இதுவரை பிரித்ததில்லை.

ஊர்சுற்றி:

நாக்கிங் என்றால் அட்வான்ஸ் அதிகம் அண்ணா, அதாவது ஸ்பார்க் சீக்கிரமே விழுகிறது. டிஸ்டிரிப்யூட்டரைக் கொஞ்சம் ரிடார்ட் (ஸ்பார்க் தாமதமாகும்) பக்கம் திருப்புங்கள், நாக்கிங் நிற்கும் வரைக்கும். பத்து நிமிட வேலை, இதற்குப் போய் பெல்ட்டைப் பிரிக்க வேண்டாம்.

பழைய ஸ்பேனர்:

ஊர்சுற்றி தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அதைத்தான் செய்யக்கூடாது. நாக்கிங் நிற்கும், கூடவே இருக்கிற பிக்கப்பும் போகும், அப்புறம் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பிரிப்பார்கள். நான் 20 வருஷம் 800ல் இருக்கிற இந்த எஃப்8பி இன்ஜின்களோடு மாரடித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இந்த இன்ஜினில் வாட்டர் பம்பைச் சுற்றவைப்பது ஆல்டர்னேட்டருக்குப் போகும் வி பெல்ட்தான் (அதை இன்னும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம், ஃபேன் கரண்டில் ஓடுகிறது என்பது வேறு விஷயம்). ஆனால் பம்பின் உடம்பு டைமிங் கவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) புல்லி, கவர், டென்ஷனர் (பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளை), டைமிங் பெல்ட் எல்லாம் வந்தால்தான் பம்ப் கையில் வரும். டைமிங்குக்கும் பம்புக்கும் இருக்கிற உறவு அவ்வளவுதான், வழியில் நிற்கிற பெல்ட்டைக் கழற்றிய பாவம்.

இப்போது முக்கியமானது. 800ல் டிஸ்டிரிப்யூட்டர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் பின்முனையிலிருந்து சுற்றுகிறது; அந்தக் கேமைக் கிராங்கோடு இணைப்பதுதான் டைமிங் பெல்ட். பெல்ட் ஒரு பல் தவறி மாட்டியிருந்தால் வால்வு திறக்கும் நேரமும் தவறும், ஸ்பார்க் விழும் நேரமும் அதே அளவு தவறும், இரண்டும் ஒரே தண்டில் இருப்பதால். கணக்குப் போட்டுப் பாருங்கள். கேம் சக்கரத்தில் 40 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 9 டிகிரி, கேம் ஒரு சுற்றுக்கு கிராங்க் இரண்டு சுற்று என்பதால் கிராங்கில் அது 18 டிகிரி. சின்ன விஷயமில்லை. அப்படி லேட்டாக இருக்கிற வண்டி நீங்கள் சொன்ன மாதிரிதான் நடுங்கும். அதை டிஸ்டிரிப்யூட்டரைத் திருப்பிச் சரிசெய்தால் ஸ்பார்க் மட்டும் சரியான இடத்துக்கு வரும். வால்வு லேட்டாகத் திறப்பது லேட்டாகவே இருக்கும். ஸ்லோ அழகாகும், சமதளத்தில் தெரியாது, கீழ் ஆர்பிஎம்மில் இழுவை வேண்டிய இடத்தில், அதாவது மலையில், காலை வாரும். அந்த இழுவையையும் டிஸ்டிரிப்யூட்டரிலேயே தேடி இன்னும் கொஞ்சம் திருப்பியிருப்பார், நாக்கிங் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

இதைப் பிரிக்காமலே ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டிஸ்டிரிப்யூட்டரைப் பிடித்திருக்கிற போல்ட்டைத் தளர்த்தி வாஷரைத் தூக்கிப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகியிருந்த வாஷர் அலுமினியத்தில் ஒரு வட்டத் தடம் விட்டிருக்கும், சுற்றிலும் அழுக்கு, தடம் மட்டும் பளிச்சென்று. பம்ப் மாற்றுவதற்கு யாரும் டிஸ்டிரிப்யூட்டரைத் தொட வேண்டியதில்லை. ஆகவே எல்லாம் சரியாக மாட்டியிருந்தால் அந்தப் பழைய தடத்திலேயே வண்டி ஒழுங்காக ஓட வேண்டும். தடத்தை விட்டு நகர்த்தினால்தான் ஓடுகிறது என்றால் தப்பு வேறெங்கோ இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.

கோபி800:

பழைய ஸ்பேனர் அண்ணா, பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே பளிச்சென்ற பிறை ஒன்று வெளியே தெரிகிறது, ஒரு அரிசி அகலத்துக்கும் கூட. பழைய தடத்துக்கே திருப்பி வைத்து ஸ்டார்ட் செய்தேன், மறுபடி அந்த நடுக்கம், சைலன்ஸரில் இரண்டு முறை டப் டப் என்று வெடித்தது. அப்படியானால் பெல்ட் தானே? ஞாயிற்றுக்கிழமை பிரிக்கப் போகிறேன். மெக்கானிக்கிடம் சொன்னால் "அதெல்லாம் மார்க் பார்த்துத்தான் போட்டேன்" என்கிறார்.

பழைய ஸ்பேனர்:

பெல்ட்டேதான். அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். மார்க் பார்த்து வைத்திருப்பார், டென்ஷனரை இறுக்கும்போது கேம் நழுவியிருக்கும், அதற்குப் பிறகு சுற்றிப் பார்த்திருக்க மாட்டார். எல்லோருக்கும் ஒரு தடவை நடப்பதுதான், எனக்கும் நடந்திருக்கிறது.

பிரிக்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், மூன்று பிளக்கையும் கழற்றிவிடுங்கள். பிளக் இல்லையென்றால் கம்ப்ரஷன் இருக்காது, கிராங்கை ஒற்றைக் கையால் பூ மாதிரி சுற்றலாம், எங்கே வேண்டுமோ அங்கே நிற்கும். சுற்றுவது எப்போதும் இன்ஜின் ஓடும் திசையில், புல்லி பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் போகும் திசை. மார்க் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது என்று பின்னோக்கி இழுக்காதீர்கள், தொய்வு தப்பான பக்கம் போகும். இன்னும் இரண்டு சுற்று முன்னாலேயே சுற்றி வாருங்கள்.

கவர் வந்ததும் இரண்டு குறி பார்க்க வேண்டும். கீழே கிராங்க் பல்சக்கரத்தில் குத்திய புள்ளி, அது ஆயில் பம்ப் உடம்பில் இருக்கிற அம்புக்குறிக்கு நேராக வர வேண்டும். மேலே கேம் சக்கரத்தின் புள்ளி, உள் கவரில் இருக்கிற குறிக்கு நேராக. கிராங்கில் சாவி உட்காரும் காடியையும் புள்ளியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு, காடியை வைத்துப் போட்டால் கதை கந்தல். கிராங்க் குறி நேராக வந்து கேம் புள்ளி அடியில் போய் நின்றால் பதற வேண்டாம், கிராங்கை இன்னொரு சுற்று சுற்றுங்கள், மேலே வரும். கூலன்டும் ஆயிலும் பட்ட ரப்பர் அழுக்கில் புள்ளி தெரியாது, பழைய டூத் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்த்து, தெரிந்ததும் ஒயிட்னரால் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், நேராக முகத்துக்கு முகம் நின்று எடுங்கள், சாய்வாக எடுத்தால் அரைப் பல் ஏமாற்றும்.

இன்னொன்று, அந்தப் பெல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். கூலன்டில் ஊறிய பெல்ட். பம்புக்குச் செலவு செய்துவிட்டு பெல்ட்டில் மிச்சம் பிடிப்பது எனக்கு என்றைக்கும் புரிந்ததில்லை.

ஜிப்சிக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என்னுடையது ஜிப்சி, ஜி13 இன்ஜின், ஆனால் இந்த விஷயத்தில் சுஸுகி குடும்பம் எல்லாம் ஒரே மாதிரி. நானும் பம்ப் மாற்றி ஒரு பல் தவறவிட்டவன்தான். மூன்று தடவை மாட்டினேன், மூன்று தடவையும் மார்க் நேராக வைத்து டென்ஷனரை விட்டதும் கேம் சக்கரம் "டக்" என்று நகர்ந்துவிடும். பேய் பிடித்த மாதிரி. அப்புறம்தான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். பெல்ட் மாட்டும் முன் வால்வ் கவரைத் திறந்து, ராக்கர் (கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் கை) ஸ்க்ரூ எல்லாவற்றையும் முழுக்கத் தளர்த்தச் சொல்லியிருக்கிறார்கள். காரணம் எளிது. வால்வு ஸ்பிரிங் ராக்கர் வழியாகக் கேமை அழுத்திக்கொண்டே இருக்கிறது, கேம் தனக்கு வசதியான இடத்துக்கு உருளப் பார்க்கிறது. ஸ்க்ரூ தளர்ந்தால் கேம் விரலால் தள்ளினால் நகரும், டென்ஷனர் ஸ்பிரிங்கே பெல்ட்டைச் சரியாக இழுத்துக்கொள்ளும். பட்டறைகளில் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை, ஏனென்றால் செய்தால் டேப்பெட் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விடும் இடைவெளி) திரும்ப செட் பண்ண வேண்டும், அது இன்னொரு அரை மணி நேரம்.

மாட்டும் வரிசையும் முக்கியம். டென்ஷனர் இல்லாத பக்கம் பெல்ட் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு மொத்தமும் டென்ஷனர் பக்கம் ஒதுங்க வேண்டும். கீழே கிராங்கில் கோத்து, விறைப்பான பக்கத்தை இழுத்துப் பிடித்தபடியே மேலே கேமில் ஏற்றுங்கள், கடைசியில் டென்ஷனர். டென்ஷனர் போல்ட்டை முதலிலேயே இறுக்கிவிடாமல், ஸ்பிரிங் இழுக்கிற அளவுக்கு விட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, தொய்வு போனபிறகு இறுக்குங்கள். கையால் இன்னும் கொஞ்சம் தம் கட்டி இழுத்து இறுக்குகிறவர்கள் உண்டு, அப்படிச் செய்தால் பெல்ட் ஊளையிடும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

பம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் இன்ஜினில் பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சீல், பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒன்று. பழைய பம்போடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகிற சாமான்கள். உங்களுடையதிலும் பிரித்திருக்கும்போதே கேஸ்கட் பக்கம் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், பிறகு மறுபடி இத்தனையும் கழற்ற வேண்டாம்.

கோபி800:

பிரித்துவிட்டேன்! காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மார்க் தெரியவே பத்தரை ஆகிவிட்டது, கிராங்க் புல்லி அசையவே மறுத்தது. கீழே புள்ளி அம்புக்கு நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. மேலே கேம் புள்ளி குறியைத் தொடாமல் சரியாக ஒரு பல் பின்தங்கி நிற்கிறது. இரண்டு தடவை சுற்றிப் பார்த்தேன், இரண்டு தடவையும் அதே இடம். போட்டோ இணைத்திருக்கிறேன். என் மகளின் ஒயிட்னர் காலி.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஹெட்டை ஒருமுறை ஸ்கிம் (அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்குவது) செய்திருக்கிறோம், நாலு வருஷம் முன்பு. அதனால் இப்படித் தெரியுமா? இரண்டு, பெல்ட் போட்ட பிறகு ஸ்பார்க் டைமிங்கை எதில் பார்ப்பது, புல்லியில் குறி ஒன்றும் காணோம்.

பழைய ஸ்பேனர்:

போட்டோ தெளிவாக இருக்கிறது, சுத்தமாக ஒரு பல். ஸ்கிம் செய்தால் ஹெட் ஒரு மயிரிழை கீழே இறங்கும், விறைப்பான பக்கத்துப் பெல்ட் அந்த அளவுக்கு நீளமாகிப்போகும், கேம் கொஞ்சம் பின்தங்கும், உண்மைதான். ஆனால் அது பல்லில் ஒரு சிறு பங்கு, கண்ணுக்குச் சற்றுத் தள்ளினாற்போல் தெரியும், முழுப் பல் ஆகாது. சந்தேகமென்றால் ஒரு பல் முன்னே மாட்டிப் பாருங்கள், எதில் குறி அதிகமாக ஒட்டி வருகிறதோ அதுதான் உங்கள் இடம்.

ராக்கர் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் டேப்பெட்டைக் குளிர்ந்த இன்ஜினில் 0.15 மி.மீ வைத்துவிடுங்கள், பட்டறை மொழியில் ஆறு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு). ஃபீலர் கேஜ் தகடு லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், வெண்ணெயில் போகிற மாதிரி வழுக்கவும் கூடாது, இழுத்துப் பிடுங்கவும் கூடாது.

ஸ்பார்க் டைமிங் குறி புல்லியில் இல்லை, கிளட்ச் பக்கத்துக் கனச் சக்கரமான ஃபிளைவீலில். கிளட்ச் ஹவுசிங்கில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைப் பிடுங்கினால் சின்ன ஜன்னல், உள்ளே ஃபிளைவீல் கோடுகள் தெரியும். ஆனால் அதற்கு முன் பாயின்ட் கேப் (பாயின்ட் பிரியும்போது விழும் இடைவெளி) 0.4லிருந்து 0.5 மி.மீக்குள் வையுங்கள். கேப் மாறினால் டைமிங்கும் மாறும், அதனால் டைமிங் வைத்துவிட்டு கேப்பைத் தொட்டால் முதலிலிருந்து. டைமிங் லைட் இருந்தால் இன்ஜின் சூடானபிறகு ஸ்லோவில் முதல் பிளக் வயரில் மாட்டி ஜன்னலில் அடியுங்கள். லைட் இல்லையென்றால் 12 வோல்ட் பல்பு போதும். ஒரு முனையை காயிலின் நெகட்டிவிலும் மறுமுனையை பாடியிலும் கொடுத்து, சாவியை ஆன் செய்து, முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் ஃபிளைவீல் கோட்டை உங்கள் கையேட்டில் சொன்ன டிகிரியில் நிறுத்துங்கள். டிஸ்டிரிப்யூட்டரை மெதுவாகத் திருப்பினால் பாயின்ட் பிரிகிற கணத்தில் பல்பு எரியும். அங்கேயே இறுக்கிவிடுங்கள். டிஸ்டிரிப்யூட்டரில் 5 டிகிரி திருப்பினால் கிராங்கில் 10 டிகிரி, அதனால் விரல் நுனியால் திருப்ப வேண்டும், கைப்பிடியாக அல்ல.

கோபி800:

நன்றி அண்ணா. என் கையேட்டில் டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம்) முன் 10 டிகிரி என்று போட்டிருக்கிறது. புதுப் பெல்ட் வாங்கியாயிற்று.

நிழல்_பார்க்கிங்:

டெம்பரேச்சர் முள்ளை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். ஸ்பார்க், வால்வு நேரம் இரண்டும் கெட்டாலும் சூடு ஏறும், சரி. ஆனால் பம்ப் மாற்றும்போது கூலன்ட் மொத்தமும் இறக்கியிருப்பார்கள், காற்று சிக்கியிருக்க நிறைய வாய்ப்பு. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து (குளிர்ந்திருக்கும்போது மட்டும்!), ஹீட்டர் இருந்தால் சூட்டுப் பக்கம் முழுக்கத் தள்ளி, ஸ்லோவில் ஓடவிடுங்கள். முதலில் மேல் ஹோஸ் குளிர்ச்சியாகவே இருக்கும். தெர்மோஸ்டாட் திறந்ததும் திடீரென்று கை வைக்க முடியாத சூடாகும், அந்நேரம் ரேடியேட்டரில் குமிழி குமிழியாக வந்து மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், நம் பக்கத்து உப்புத் தண்ணீர் புதுப் பம்பையும் தின்றுவிடும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கோபி800:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். ராக்கரைத் தளர்த்தியதும் ஜிப்சிக்காரன் சொன்ன மாதிரி கேம் விரலுக்கே நகர்ந்தது. பெல்ட் இரண்டாவது முயற்சியில் உட்கார்ந்தது, முதல் தடவை நானும் ஒரு பல் விட்டேன், சுற்றிப் பார்த்ததால் தெரிந்தது. பல்பு வைத்துத்தான் டைமிங் செட் செய்தேன், அப்புறம் நண்பர் ஒருவரிடம் லைட் வாங்கி அடித்துப் பார்த்தால் கோடு 10ல் அசையாமல் நின்றது. அதைவிட எனக்குச் சந்தோஷம் கொடுத்தது வேறு. போல்ட்டை இறுக்கிவிட்டு டார்ச் அடித்தேன். வாஷர் பழைய தடத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது, பிறை காணவில்லை.

ரேடியேட்டரில் முக்கால் லிட்டருக்கு மேல் குடித்தது, அவ்வளவு காற்று இருந்திருக்கிறது. முள் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. நேற்று திம்பம் ஏறினேன், மூன்று பேர், பெரும்பாலும் இரண்டாம் கியர், ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிய இடத்தில் மட்டும் முதல் கியர். நாக்கிங் இல்லை. மேலே டீ குடித்துவிட்டு மெக்கானிக்குக்கு போன் செய்து சொன்னேன், "ஒரு பல்லுதானே" என்றார்.

இப்போது வால்வ் கவர் ஓரத்தில் ஆயில் லேசாகக் கசிகிறது. பழைய கேஸ்கட்டையே போட்டேன், அதனாலா?

பழைய ஸ்பேனர்:

பெல்ட்டில் மிச்சம் பிடிக்காதே என்றேன், கேஸ்கட்டைச் சொல்ல மறந்துவிட்டேன். புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். நட்டை வலுவாக இறுக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள், கவர் வளைந்துவிடும். அதுவரைக்கும் கசிவு டைமிங் பெல்ட் பக்கம் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.